கல்லிலா கண்ணிலா

கண்ணை மூடிக்கொண்டு உட்காரச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள் அந்த நர்ஸ் பெண். மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். மூடினால் இருட்டாக இருக்க வேண்டும், ஆனால் இது இருட்டு இல்லை, ஒரு மாதிரி செம்மண் நிறம், கூடத்து விளக்கு இமை வழியாக உள்ளே வருகிறது போல, அந்தச் செம்மண்ணுக்கு நடுவில் அந்தக் கறுப்பு இருக்கிறதா என்று தேடுகிறேன், தேடினால் இருப்பது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. சொட்டு மருந்து மூக்கு வழியாக இறங்கித் தொண்டையில் கசக்கிறது. "கண்ணு பாப்பா நல்லா விரியணும்மா, அப்பத்தான் டாக்டர் உள்ள பார்க்க முடியும். நடுவுல திறந்து திறந்து பார்க்காதீங்க" என்றாள். காலையில் மதுரைக்கு வரும் வழியெல்லாம் நான் திறந்து திறந்துதான் பார்த்துக்கொண்டு வந்தேன். வலக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இடக்கண்ணால் பார்த்தால் விருதுநகர் தாண்டி நின்ற மின்கம்பங்கள் ஒவ்வொன்றும் இடுப்பில் ஒடிந்து நின்றன. கையை எடுத்தால் நிமிர்ந்துகொண்டன. பொத்தினால் ஒடிந்தன. செல்வக்கனி பக்கத்தில் உட்கார்ந்து அத்தனையும் பார்த்துக்கொண்டுதான் வந்தாள். அவள் என் தம்பி சௌந்தரபாண்டியின் மனைவி. குஜராத் ஆய்வகத்தில் வேலை முடிந்து நான் சிவகாசிக்கே திரும்பி வந்த பிறகு எனக்கு ரசம் வைத்துத் தருவதும், காய்ச்சல் என்றால் மாத்திரை எடுத்து வருவதும் அவள்தான். ஆஸ்பத்திரியில் பதிவு செய்கிற இடத்தில், "எவ்வளவு நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார்கள். நான் யோசித்துக்கொண்டே நின்றேன். பின்னால் வரிசை நீண்டது. "ரெண்டு மாசமா இருக்கும்" என்று செல்வக்கனி சொல்லிவிட்டாள். எதை வைத்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. ஆனால் சொன்னதும் அது உண்மை மாதிரி ஆகிவிட்டது, எழுதியும் கொண்டார்கள். இரண்டு மாதம் என்றால் போன முறை ஆய்வகத்துக்குப் போனபோதே இருந்திருக்க வேண்டும், அதற்கும் முன்னால் என்றால், வேண்டாம், அதற்கு முன்னால் போக வேண்டாம், தண்ணீர் குடித்தால் இந்தக் கசப்பு போகுமா.

"மதினி, தண்ணி தரட்டுமா?" என்றாள் செல்வக்கனி. நான் வாய்விட்டுச் சொல்லிவிட்டேனோ. இல்லை, தொண்டையைச் செருமியிருப்பேன். தண்ணீர் குடித்தேன். கசப்பு போகவில்லை. ஹேதலுக்குப் போன் செய்ய வேண்டும். செய்து என்ன சொல்வது. ஹேதல் என்னிடம் படித்த பெண், இப்போது அந்த ஆய்வகத்தில் என் நாற்காலியில் அவள்தான் இருக்கிறாள், ஆனாலும் நான் போனால் எழுந்து நின்று, "உட்காருங்க மேடம்" என்று அந்த நாற்காலியையே இழுத்துப் போடுவாள். அவள்தான் கூப்பிட்டிருந்தாள். பாலைவனத்தில் ஒட்டகம் மேய்க்கிற ஒருவர் எடுத்துக் கொடுத்த கல். வானத்திலிருந்து விழுந்ததுதான், அதுவும் நிலாவிலிருந்து பெயர்ந்து வந்து விழுந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அதில் சந்தேகமில்லை. எனக்கும் சந்தேகமில்லை, அந்தச் சாம்பல் நிறத்தை எனக்குத் தெரியாதா. அதை வெளிச்சம் ஊடுருவுகிற அளவுக்கு மெலிதாகத் தேய்த்து, கண்ணாடிச் சில்லில் ஒட்டி, மைக்ராஸ்கோப்பின் தட்டில் வைத்திருந்தாள். நான் உட்கார்ந்து பார்த்தேன். நடுவில் கறுப்பாக ஒரு துணுக்கு. ஓரம் கலங்கி, மை ஊறினது போல. சில்லை நகர்த்தினேன், வேறோர் இடத்தில் இன்னொன்று. இன்னும் நகர்த்தினேன், அங்கேயும். எங்கே பார்த்தாலும் இருந்தது. எங்கே பார்த்தாலும் இருந்தது என்பதைத்தான் நான் பெரிய விஷயமாக எடுத்துக்கொண்டேன், அட முட்டாளே, எங்கே பார்த்தாலும் இருந்தால் அது என்ன அர்த்தம். ஆனால் அன்றைக்கு அது தோன்றவில்லை. இதுவரை யாரும் சொல்லாத ஒன்று, நிலாவின் அடிவயிற்றிலிருந்து உருகி வந்து உறைந்த பழைய கண்ணாடி என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. இடக்கண் மைக்ராஸ்கோப்பில், வலக்கண் தாளில், பார்த்துக்கொண்டே வரைவது என் பழக்கம், அந்தக் காலத்து ஒற்றைக்கண் மைக்ராஸ்கோப்பில் கற்றுக்கொண்டது, இரண்டு கண்ணுக்கும் குழாய் வந்த பிறகும் விடவில்லை. பக்கம் பக்கமாக வரைந்தேன். மைக்ராஸ்கோப்புக்குள் தெரிகிற குறுக்குக் கோடு கொஞ்சம் வளைந்திருந்தது. "இந்தக் குழாய் தளர்ந்துபோச்சு, சரிபண்ணச் சொல்லு" என்று ஹேதலிடம் சொன்னேன். அவள் இரண்டு முறை ஆளைக் கூப்பிட்டுச் சரிபார்த்தாள். "நல்லாத்தான் இருக்காம் மேடம்."

அவள் எடுத்த படத்தில் கறுப்பு இல்லை. கேமராவுக்கு அதெல்லாம் தெரியாது, பார்க்கக் கண் வேண்டும் என்றேன். இன்னொரு கருவியில் வைத்து அந்த இடத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று அளந்தாள், பக்கத்தில் என்ன இருந்ததோ அதேதான் அங்கேயும் வந்தது. சரியாக மெருகேற்றவில்லை, அதனால்தான் என்றேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. எவ்வளவு சுளுவாக வந்தன அந்தப் பதில்கள். மாநாட்டில் பேசுவதற்கு என் பேரைக் கொடுத்தாகிவிட்டது. பேசுவதன் சுருக்கத்தையும் எழுதி அனுப்பியாகிவிட்டது, அதில் அவள் பேரும் இருக்கிறது. அப்புறம் ஒரு நாள் மத்தியானம், சாப்பிட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தோம். "மேடம், தட்டைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்களேன்" என்றாள். ரொம்ப மெதுவாகச் சொன்னாள். வட்டத் தட்டு அது, திருப்பினால் கல் சுழலும், கல்லில் இருப்பதெல்லாம் கூடவே சுழலும். முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம். நான்தான் சொல்லிக்கொடுத்தேன். திருப்பினேன். படிகங்கள் எல்லாம் மஞ்சளும் நீலமும் ஊதாவுமாக நிறம் மாறிக்கொண்டே ராட்டினம் மாதிரிச் சுற்றின. கறுப்பு சுற்றவில்லை. நடுவில் அப்படியே நின்றது, என்னைப் பார்த்தபடி. நான் இன்னும் கொஞ்சம் திருப்பினேன். முழுச் சுற்றும் திருப்பினேன். ஹேதல் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள், என் முகத்தைப் பார்க்கக் கூடாது என்று நின்றாள் என்று இப்போது தோன்றுகிறது, அப்போது தோன்றவில்லை. "நாளைக்குப் பார்ப்போம்" என்று சொல்லி எழுந்துவிட்டேன். மறுநாள் ஊருக்குக் கிளம்பிவிட்டேன். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்டேஷனுக்கு வந்து பெட்டியை ஏற்றிவிட்டு, "உடம்பைப் பார்த்துக்கங்க மேடம்" என்றாள். உடம்பு என்றாள், கண் என்று சொல்லவில்லை.

பக்கத்தில் யாரோ இருமுகிறார்கள். கோந்து வாசனை வருகிறது, இல்லை, மருந்து வாசனைதான், அப்பாவின் அச்சகத்தில் வருகிற வாசனை மாதிரி இருக்கிறது. அப்பா காலண்டர் அடித்துக்கொண்டிருந்தார். லட்சுமி, முருகன், பனிமலை, ரோஜாப்பூ, எல்லாம் ஈரமாக வந்து விழும். ஒவ்வொரு தாளையும் சின்ன லென்ஸை வைத்துக் குனிந்து பார்ப்பார். ஒரு முறை என்னையும் பார்க்கச் சொன்னார். லட்சுமியின் கன்னம் இல்லை, மஞ்சளும் சிவப்புமாகப் புள்ளிகள், நடுவில் வெள்ளை. எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணை எடுத்துப் பார்த்தால் லட்சுமி சிரித்துக்கொண்டிருந்தாள். "எதுப்பா நிசம்?" என்று கேட்டேன். "ரெண்டுந்தான். கலர் ஒண்ணுமேல ஒண்ணு சரியா உக்காந்திருக்கான்னு பாக்கத்தான் லென்சு" என்றார். கல்லூரியில் வேதியியல் சேர்ந்த நான் நிலவியலுக்கு மாறினது அந்தப் புள்ளிகளால்தான், யாரிடமும் இதைச் சொன்னதில்லை, கேட்டவர்களிடம் வேறு ஏதோ சொல்வேன். பாறைச் சில்லை முதன்முதலில் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது அப்பாவின் மையெல்லாம் அங்கே இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணு கல்லு உடைக்கிற வேலைக்கா படிக்குது?" என்றார்கள். "மேல இருந்து விழுற கல்லு" என்றார் அப்பா, அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு கலக்கம், சரியாகச் சொல்கிறோமா என்று என்னைப் பார்த்துக்கொண்டார். அவர்கள் மறுபடி வரவில்லை. பிறகு வேறு யாரும் வரவில்லை. குஜராத்தில் வேலை கிடைத்து, முதல் கல்லைப் பார்க்கப் போனது நிலக்கடலைக் காட்டுக்கு. கொழுந்துவிட்டு எரிந்துகொண்டு வந்ததைப் பார்த்தோம் என்று ஊரே சொன்னது, எடுத்தபோது ஐஸ்கட்டி மாதிரி இருந்தது என்று அந்த வீட்டு அம்மா சொன்னாள். இரண்டும் நிஜம்தான். மேல்தோல் எரிந்து கறுத்துப் போயிருக்கும், உள்ளே ஆகாயத்துக் குளிர் அப்படியே இருக்கும். அதைக் கையில் வாங்கியபோது இருந்த கனம். பார்ப்பதற்கு இருந்ததைவிடக் கூடுதல் கனம், கை தானாகத் தாழ்ந்தது. அது கையில் இருக்கிறது இன்னும். இல்லை, இருப்பதாக நினைக்கிறேன். நினைப்பதற்கும் இருப்பதற்கும் நடுவில் ஒரு கோடு உண்டு, அந்தக் கோடும் இப்போது வளைந்துவிட்டது.

நிலாவின் வாசனையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் இரண்டு வருஷம் இருந்தேன். மனிதர்கள் நிலாவுக்குப் போய்க் கையால் எடுத்து வந்த கற்கள் அங்கே இருந்தன. காற்றுப் படாமல் கண்ணாடிப் பெட்டிக்குள், நைட்ரஜன் வாயுவுக்குள் வைத்திருப்பார்கள். பெட்டியில் துளைபோட்டுத் தடித்த கையுறை மாட்டியிருக்கும், வெளியில் நின்று அதற்குள் கையை விட்டுத்தான் தொட வேண்டும். காவலுக்கு இருந்தவர் வால்டர் என்று ஒரு வயதானவர், நல்ல மனிதர். நிலாவிலிருந்து விண்கலத்துக்குள் திரும்பி வந்து தலைக்கவசத்தைக் கழற்றியதும் அங்கே போனவர்களுக்கு வெடிமருந்து வெடித்த வாசனை அடித்ததாம், அவர்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. "எங்க ஊரே அந்த வாசனைதான் வால்டர்" என்றேன். பட்டாசு வெடித்துப் பார்க்கிற மத்தியானங்களில் துணி காயப்போட்டால் துணியெல்லாம் அந்த வாசனை, அம்மா திட்டிக்கொண்டே மறுபடி அலசுவாள். பிறகு அந்தக் கல்லைக் கையுறைக்குள் எடுத்தேன், வாசனை வந்தது. சிவகாசி வாசனை. எனக்குத் தெளிவாக ஞாபகம் இருக்கிறது, மூக்கின் உள்ளே, கொஞ்சம் மேலே, ஒரு காரம். ஒவ்வொரு வருஷமும் புதிதாக வந்து சேர்கிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், நிலா என் ஊர் வாசனை அடித்தது என்று. கைதட்டுவார்கள். பெட்டி மூடியிருந்தது. இதுவரை இதை நான் யோசித்ததே இல்லை, குஜராத்திலிருந்து ரயிலில் வரும்போதுதான், மேல்படுக்கையில் படுத்துக்கொண்டு வரும்போதுதான் திடீரென்று தோன்றியது. பெட்டி மூடியிருந்தது, அதற்குள்ளிருந்து எப்படி வாசனை வரும். பூமிக்கு வந்த பிறகு அந்தத் தூசுக்கு வாசனையே இல்லை என்றும் அதே வால்டர்தான் சொன்னார். அப்படியென்றால் நான் முகர்ந்தது எது. முகர்ந்தேன். முகரவில்லை. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் அது பொய், ஆனால் பொய் சொல்கிறோம் என்று ஒருநாளும் எனக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னது பொய்யா. அப்படியென்றால் அந்தக் கறுப்பும் பொய்யில்லையா. நான் பார்த்தேனே.

"மதினி, என்ன முணுமுணுக்கீக?" என்றாள் செல்வக்கனி.

"ஒண்ணுமில்ல. செல்வக்கனி, ரெண்டு மாசம்னு எப்படிச் சொன்ன நீ?"

தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. "நீங்க கோலம் போட்டீகள்ல மதினி, ஆடி வெள்ளிக்கு. புள்ளி எல்லாம் வரிசையாத்தான் வச்சீக. இழுக்கும்போது நடுவுல ஒரு புள்ளிய விட்டுட்டு விட்டுட்டுப் போனீக. நான் அப்புறம் வந்து சேத்துவிட்டேன்."

"எங்கிட்டச் சொல்லலியே."

"ஏதோ யோசனையில இருக்கீகன்னு நெனச்சேன். நீங்க எப்பவும் ஏதாச்சும் யோசனையிலதான இருப்பீக."

ஆடி வெள்ளி. அது எப்போது, இந்த வருஷமா. இந்த வருஷம்தான். கோலத்தில் என்னால் ஒரு புள்ளி விட்டுப்போயிருக்கிறது, ஊரே மிதித்துப் போயிருக்கும், போகட்டும். அதற்கு முன்னால் நான் கடைசியாக எழுதிய கட்டுரை, அதில் ஒரு படிகத்தின் நடுவில் கலங்கலாக இருக்கிறது என்று எழுதினேனே, அதற்கும் முந்தியது, அதில் ஒரு விரிசல் வளைந்து போகிறது என்று. வளைந்துதான் போயிற்று. வளைந்துதானே போயிற்று. ஒவ்வொன்றாகப் பின்னாலேயே போகிறேன், போகப்போக எதிலும் கால் நிற்கவில்லை. ஒரு படத்தை எடுத்து நினைத்துப் பார்த்தால் நடுவில் கறுப்பு இருக்கிறது, அன்றைக்கே இருந்ததா, இன்றைக்கு நினைக்கிற கண்ணில் இருக்கிறதா. நினைக்கிறதுக்குக் கண் எதற்கு. அப்பாவின் முகத்தை நினைத்துப் பார்த்தேன். நடுவில் ஒன்றுமில்லை, முகம்தான் இருந்தது, மூக்கின் மேல் மைக்கறை. அப்பாடா என்றிருந்தது. மறுபடி நினைத்தேன், மைக்கறையா அது, அல்லது. நிறுத்து. தங்கபுஷ்பம், நிறுத்து. என் பேரை நானே சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு எவ்வளவு காலம் ஆகிறது, அங்கே எல்லோருக்கும் நான் டாக்டர் புஷ்பா. பயமாக இருக்கிறது என்று சொன்னால் செல்வக்கனி கையைப் பிடித்துக்கொள்வாள். சொல்லவில்லை. அவளே பிடித்துக்கொண்டாள், நர்ஸ் பேரைக் கூப்பிட்டிருக்கிறாள், எனக்குத்தான் கேட்கவில்லை.

டாக்டர் சின்னப் பெண், குரலை வைத்துச் சொல்கிறேன், முகம் எனக்குப் பாலாடை மாதிரி கலங்கித்தான் தெரிகிறது. நாடியை ஒரு பட்டையில் வைக்கச் சொன்னார். வெளிச்சம் ஊசி மாதிரி வந்து உள்ளே துழாவியது. மேலே பாருங்க, கீழே பாருங்க, என் காதைப் பாருங்க. இவ்வளவு காலம் நான் வெளிச்சத்தை அடியிலிருந்து விட்டுக் கல்லைப் பார்த்தேன், கல்லுக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது, சம்பந்தமில்லாமல். பிறகு வேறொரு கருவியில் வைத்துப் படம் எடுத்து, திரையில் போட்டு, பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டினார். கிட்டப் போய், வலக்கண்ணால், திரையில் மூக்கு இடிக்கிற அளவுக்குக் குனிந்து பார்த்தேன். அடுக்கடுக்காக இருந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய படிவுகள், நடுவில் ஒரு சின்னப் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் கீழிருந்து எதுவோ முட்டி, மேலடுக்குகள் எல்லாம் குன்றாகத் தூக்கிக்கொண்டு நின்றன. அதன் அடியில் கறுப்பாக ஒரு குளம். எத்தனை முறை இப்படி ஒன்றை வரைந்திருப்பேன், கீழே உருகினது மேலே முட்டினால் இப்படித்தான் மடியும். "கீழேருந்து கசிஞ்சிருக்கு" என்றேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "ஆமாம்மா. புதுசா ரத்தக்குழாய் முளைச்சுக் கசியுது. நீங்க மருத்துவம் படிச்சவங்களா?"

"இல்லம்மா. கல்லு."

"கல்லா?"

"மதினி நிலாக் கல்லப் பத்திப் படிச்சவக" என்றாள் செல்வக்கனி, கதவோரத்திலிருந்து.

"இதுக்கு ஊசி இருக்கும்மா, கண்ணுக்குள்ளயே போடுவோம். பயப்படாதீங்க, மரத்துப்போக மருந்து விட்டுத்தான் போடுவோம். மேல மேல கசியாம நிறுத்திடலாம். ஆனா போன பார்வை எவ்வளவு திரும்பும்னு இப்ப சொல்ல முடியாது. வலக்கண் இதுவரைக்கும் நல்லா இருக்கு."

"இது எப்ப ஆரம்பிச்சிருக்கும்? படத்தைப் பார்த்துச் சொல்ல முடியுமா?"

"அது சொல்ல முடியாதும்மா. இன்னைக்கு எப்படி இருக்குன்னுதான் படம் சொல்லும்."

ஒரு கல்லைக் கொடுத்தால் அதற்கு எத்தனை கோடி வருஷம் என்று நான் சொல்லிவிடுவேன். சொல்லிக்கொண்டிருந்தேன். என் கண்ணுக்குள் இருக்கிற ஒரு சொட்டுக்கு எத்தனை மாதம் என்று யாருக்கும் தெரியாது. கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியவில்லை, அந்தப் பெண் மேல் இல்லை. ஊசிக்கு மறுநாள் வரச் சொன்னார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். "செல்வக்கனி, போன்ல ஹேதல்னு இருக்கும், போட்டுக் குடு" என்றேன். அவள் தேடிப் போட்டுக் கொடுத்தாள். மணி அடித்தது. எடுத்ததும், "மேடம்" என்றாள், அவ்வளவுதான், காத்திருந்த மாதிரி.

"ஹேதல், அந்தக் கறுப்பு கல்லில இல்ல."

ஆய்வகத்து மின்விசிறி ஓடுகிற சத்தம் கேட்டது, அல்லது இந்தக் கூடத்து விசிறியா.

"தெரியும் மேடம்" என்றாள். "எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"சொல்லித்தான இருக்க. தட்டைத் திருப்பச் சொன்னியே." செல்வக்கனி நீட்டிய தண்ணீரை ஒரு வாய் குடித்தேன். "மாநாட்டுக்காரங்களுக்கு எழுதிடு. என் கண்ணில கோளாறுன்னு காரணத்தோட எழுது, மழுப்பாதே. அந்தக் கல்லைப் பத்தி நீயா பார்த்தது என்னவோ அதை உன் பேர்ல சொல்லு."

"சரி மேடம்."

"இன்னொண்ணு. என் பழைய ஸ்லைடெல்லாம் அலமாரியில இருக்கு. கடைசியில இருந்து ஆரம்பி. ஒவ்வொண்ணா எடுத்து வச்சு, நான் எழுதினதையும் பக்கத்தில வச்சுப் பாரு. எது அதில இருக்கு, எது இல்லன்னு எழுதி வை."

"எதுவரைக்கும் மேடம்?"

அதுதான் எனக்குத் தெரியவில்லை. எதுவரைக்கும் என்று ஒரு வருஷத்தைச் சொல்லலாம், சொன்னால் அவள் அங்கே நிறுத்திவிடுவாள், அதற்கு அந்தப் பக்கம் இருப்பதெல்லாம் என்னுடையது என்று ஆகிவிடும். வாயைத் திறந்தேன். எந்த வருஷமும் வரவில்லை. "எல்லாத்தையும் இந்தக் கண்ணாலதான் பார்த்திருக்கேன் ஹேதல்" என்றேன். "உனக்கு எங்க நம்பிக்கை வருதோ அங்க நிறுத்திக்க. எங்கன்னு எனக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லு."

அவள் அழுகிறாளா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அழவில்லை. "சாயங்காலமே ஆரம்பிக்கிறேன்" என்றாள். அப்படித்தான் நான் வளர்த்திருக்கிறேன். போனைச் செல்வக்கனி வாங்கி அணைத்துப் பைக்குள் வைத்தாள். இத்தனையும் கேட்டவள், என்ன புரிந்ததோ, "பசிக்கும், வாங்க" என்றாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை அவளே என் காதில் மாட்டிவிட்டாள். அதையும் மீறி வாசலில் வெயில் வெள்ளையாக வந்து முகத்தில் மோதியது, விரிந்துபோன கண்ணுக்குள் தடுக்க ஆளில்லாமல் கொட்டியது, தெரு இல்லை, ஆட்டோ இல்லை, ஆள் இல்லை, வெள்ளை மட்டும். ஹாரன் சத்தமும், யாரோ பூ விற்கிற குரலும் அந்த வெள்ளைக்குள்ளிருந்து வந்தன. நின்றுவிட்டேன்.

"படி இருக்கு மதினி."

"ஏறணுமா, இறங்கணுமா?"

"இறங்கணும். என் கையப் புடிச்சுக்கங்க."

காலை நீட்டித் துழாவினேன். ஒன்றும் தட்டுப்படவில்லை. இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.